மூன்றாம் நம்பர் பொம்மை

"கை நடுக்கம் காணப்படுகிறது. தகுதி இல்லை."

ஐந்தே சொல். பதினான்கு வருஷம் கிரேன் ஓட்டியவளைப் பற்றி எழுத அந்த ஆளுக்கு ஐந்து சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அதைவிடக் கையெழுத்துக்குத்தான் அதிக இடம் பிடித்திருந்தார்.

மேலக்கா தேர்வு முடிவுத் தாளை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை, வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தாள். இரண்டாம் தடவை பணி எண்ணைச் சரிபார்த்தாள். மூன்றாம் தடவை உச்சந்தலைக்குச் சூடு ஏறியது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக அலுவலகக் கட்டடத்துக்கு நடந்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. யார்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. தொண்ணூற்றிரண்டு படி ஏறி, உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே அடுக்கியிருக்கும் கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைப்பவள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து "மேலக்கா!" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது.

இப்போது அந்தக் கூண்டுகளையே கழற்றப் போகிறார்கள். கிரேனில் கேமரா மாட்டிவிட்டு, தரைத்தளத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்ட வேண்டுமாம். ஓட்டுநர்கள் பதினான்கு பேர், நாற்காலிகள் ஆறு. மீதி எட்டுப் பேருக்கு வாசல் கேட்டில் வேலை. வருகிற லாரியின் முத்திரையைப் பார்த்து, நம்பரை எழுதிக்கொண்டு, கையை ஆட்டி உள்ளே விட வேண்டும். அந்த வேலைக்குக் கை நடுங்கினாலும் பரவாயில்லை.

யாருக்கு எந்த நாற்காலி என்பதற்குத் திங்கட்கிழமை தேர்வு நடந்தது. புது அறைக்கான அசல் கைப்பிடி மேசைகள் இன்னும் வந்து சேரவில்லை. கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன, வந்தால் நீங்கள்தான் இறக்க வேண்டும் என்றார்கள். அதுவரை சமாளிக்க, வீடியோ கேம் விளையாடும் கண்ட்ரோலர் நான்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒயர் கிடையாது, ப்ளூடூத்தில் கம்ப்யூட்டரோடு சேர்ந்துகொள்ளும். கட்டைவிரலால் தள்ள இரண்டு குட்டிக் குச்சிகள், நாலைந்து கலர் பட்டன்கள். நாற்பது டன் தூக்கிய கைகளில் அதைக் கொடுத்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பொம்மை. முதுகில் டேப் ஒட்டி ஒன்று முதல் நான்கு வரை நம்பர் எழுதியிருந்தது. தேர்வில் மேலக்காவுக்கு வந்தது மூன்று.

பாதி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திரையில் தெரிந்த போலிக் கிரேனால் போலிப் பெட்டியைத் தூக்கியாயிற்று. லாரி வருகிற வரை அந்தரத்தில் நிறுத்தி வைக்க வேண்டிய கட்டம். ஆறு நிமிஷம். லாரி வந்தது. அவள் நடுப் பட்டனை அழுத்திக் குச்சியைத் தள்ளினாள். பெட்டி அசையவில்லை. கிரேன் செத்துப்போய் நின்றது.

"கிரேன் நிக்குது! கேக்க மாட்டேங்குது!" என்று சத்தம் போட்டாள்.

"தேர்வு நடுவுல பேசக் கூடாது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

டெக்னீஷியன் உட்காரும் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி. குச்சியைக் கடைசி வரை தள்ளிப் பிடித்தாள், இழுத்தாள், மறுபடி தள்ளினாள். நாற்பது விநாடி இருக்கும். திடீரென்று கிரேனுக்கு உயிர் வந்தது. தள்ளிய குச்சி தள்ளியபடியே இருந்ததால் பெட்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து லாரியின் மண்டையில் போய் மோதியது. திரை சிவப்பானது.

அந்தத் திங்கட்கிழமை மாலையிலிருந்து அவள் தன் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

*

டிரெயினிங் மேனேஜருக்கு யார்டில் பெயர் ஸ்லைடு. எதைக் கேட்டாலும் லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடு போடுவார். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னதற்கு ஒரு முறை ஏழு ஸ்லைடு போட்டார். தண்ணீர் வரவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார்.

"உக்கார வரல சார். கை நடுக்கம்னு எழுதிருக்கீங்க. யார் கை நடுங்குச்சு?"

அவர் வருத்தப்படுகிறவரைப் போல உதட்டைப் பிதுக்கி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு கோடு. பாதி வரை நேராகப் போய், அப்புறம் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாமல், கடைசியில் கிறுக்கலாக ஏறி இறங்கியது.

"இது உங்க கைம்மா. கிராஃப் பொய் சொல்லாது."

"நடுவுல கோடே இல்லையே சார். அது என்ன?"

"நீங்க திகைச்சுப் போய் நின்ன நேரம்."

"நான் திகைக்கல. கிரேன் நின்னுச்சு. அப்பவே கத்தினேன், நீங்கதான் பேசாதன்னீங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, மெஷின் மேல பழி." குரலைத் தாழ்த்தினார். "நாப்பத்தாறு வயசாச்சுல்ல? இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. இந்த ஆளின் அம்மாவை எதற்கு இங்கே இழுக்கிறார்? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த அனுதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் மறுபடி எழுதணும் சார், தேர்வு."

"கருவியில கோளாறுன்னு டெக்னிக்கல்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா தாராளமா. நாலு மணிக்கு மீட்டிங். ஹெட் ஆபீஸ்லேர்ந்து மேடம் வராங்க, லிஸ்ட்ல கையெழுத்தாயிடும். அதுக்குள்ள கொண்டாங்க."

வாங்கி வர மாட்டாள் என்று தெரிந்தே சொல்கிறவரின் சிரிப்பு அது. கிராஃபை மூடினார். பின்னால் பச்சை மைதானமும் பந்தை உதைக்கிற ஒருவனின் காலும் ஒரு நொடி தெரிந்து மறைந்தன. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

*

டெக்னிக்கல் என்று தனியாக ஓர் இலாகா எதுவும் கிடையாது. ஒரே ஆள். யார்டில் அவனைப் பேட்டரி என்பார்கள். எந்தக் கருவி கெட்டுப்போனாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது "பேட்டரி பாத்தீங்களா?" என்ற கேள்விதான். மேலக்காவின் கூடப்பிறந்த தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையில்லாமல் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தவனை இழுத்துவந்து, இதே அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்று, யார் யாரிடமோ பல்லைக் காட்டி உள்ளே நுழைத்தது அவள்தான்.

பயிற்சி அறையில் அவன் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் தட்டினான்.

"அதை வை. மூணாம் நம்பர் பொம்மையை எடு. கோளாறு என்னன்னு பாரு."

"பேட்டரி..."

"பேட்டரின்னு சொன்ன, அதாலயே அடிப்பேன்."

ஆனாலும் அவன் பேட்டரியைத்தான் முதலில் பார்த்தான். நிறைந்திருந்தது. பிறகு கம்ப்யூட்டரின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தான். நான்கு கண்ட்ரோலருக்கும் அதில் ஒரே பெயர். எது எந்தப் பொம்மை என்று ஒன்றுமே புரியாது. மூன்றாவதைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு, கண்ட்ரோலரின் தலைமாட்டில் இருந்த சின்ன பட்டனை அழுத்திப் பிடித்தான். விளக்கு படபடவென்று மின்னியது. மறுபடி சேர்த்தான். மின்னுவது நின்று விளக்கு நிலையாக எரிந்தது. மேசைக்கடியில் இரும்புப் பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டரை வெளியே இழுத்து வைத்துப் பார்த்தான். இரும்பு சிக்னலைக் குடித்துவிடும் என்றான். பக்கத்தில் கிடந்த ஒயர்களைப் பிடுங்கிப் பார்த்தான், மற்ற மூன்று பொம்மைகளையும் அணைத்துவிட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவளிடம் நீட்டினான். அவள் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது, அலுங்காமல் குலுங்காமல் லாரியில் போய் உட்கார்ந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதில் ஒரு தடவைகூட அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான்க்கா இருக்கு. கோளாறுன்னு நான் எப்படி எழுத முடியும்?"

"திங்கக்கிழமை நின்னுச்சுல்ல?"

"கம்ப்யூட்டர் லாக்ல ஒண்ணும் பதிவாகல."

"நீ எங்க போயிருந்த அப்ப? திரும்பிப் பாத்தேன், உன்னைக் காணோம்."

"பாத்ரூம்." தரையைப் பார்த்துச் சொன்னான். "விட்ருக்கா. கேட்டு வேலைன்னா நிழல்லதானே, படி ஏற வேண்டியதில்ல. உனக்கும் முட்டி வலின்னு சொல்லிட்டுதானே இருக்க."

முட்டியைச் சொன்னது மேலக்காவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் வீட்டில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்தாள். விளிம்பு வரை நிரப்பிய தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிந்தாததையும் நம்ப முடியாமல் மறுபடி நிரப்பி நடந்தாள். தம்பி அப்போது அவள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என்னக்கா பண்ற?" என்றான். "என் கை ஆடுதான்னு பாக்கறேன்டா" என்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

மணி மூன்று ஐம்பது. எதிரே, நடையைத் தாண்டி, கண்ணாடி அறையில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஸ்லைடு தன் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

"தள்ளு" என்றாள். "திங்கக்கிழமை செஞ்சதை முதல்லேர்ந்து செய்யறேன். ஒண்ணு விடாம."

*

பெட்டியைத் தூக்கினாள். அந்தரத்தில் நிறுத்தினாள். லாரி வர ஆறு நிமிஷம். கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

தம்பிக்கு வியப்பாக இருந்தது. "கீழ வச்சுட்டியா? மத்தவங்க எல்லாம் கையிலேயே வச்சுக்கிட்டு நோண்டிட்டு இருந்தாங்களே."

"கையை எடு" என்றாள், அவ்வளவுதான் விளக்கம் என்பதுபோல.

அது யார்டின் சட்டம். அவள் வேலை பழகிய காலத்தில் ஒரு ஓட்டுநர் பெட்டியைத் தொங்கவிட்டபடியே தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். முழங்கை நெம்புகோலில் பட்டது. கீழே லாரிக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு காலும் போயிற்று. அதற்குப் பிறகு எல்லாக் கூண்டிலும் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்தார்கள்: காத்திருக்கும்போது கையை எடு. மேலக்காவுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பொம்மையானாலும் அவளுக்குப் பெட்டி பெட்டிதான். மற்றவர்களுக்குப் பொம்மை பொம்மையாக இருந்ததால் ஆறு நிமிஷமும் கட்டைவிரலால் குச்சியைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது நிமிஷம் மூன்றாம் நம்பர் பொம்மையின் விளக்கு அணைந்தது.

"தூங்கிடுச்சு" என்றான் தம்பி. குரல் சுரத்தில்லாமல் வந்தது. "அஞ்சு நிமிஷம் தொடலைன்னா தூங்கிடும்."

திரையில் லாரி வந்தது. அவள் கண்ட்ரோலரை எடுத்து நடுப் பட்டனை அழுத்தினாள். விளக்கு மின்னியது, மின்னியது, நிலையாக நின்றது. குச்சியைத் தள்ளினாள். பெட்டி அசையவில்லை.

"பாத்தியா! பாத்தியாடா!" எழுந்தே விட்டாள். "நின்னுச்சு! என் கையில என்னடா நடுக்கம்?"

மேலக்கா விளக்கைப் பார்த்தாள். சேர்வதற்கு ஆள் கிடைக்காவிட்டால் மின்னிக்கொண்டே இருக்கும் என்று ஒரு மணி நேரமாக அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். இது நிலையாக எரிந்தது.

"இது சேந்துதான் இருக்கு" என்றாள் மெதுவாக. "இந்தக் கம்ப்யூட்டரோட இல்ல. வேற எதோட?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"வேற எதோட சேந்திருக்குன்னு கேட்டேன்."

"அக்கா... இந்த மாடல் ரெண்டு கம்ப்யூட்டரை ஞாபகம் வச்சுக்கும். நம்ம பக்கம் அழிச்சாலும் அது மறக்காது. முழிக்கும்போது எது முதல்ல பதில் சொல்லுதோ அதோட போயிடும்."

"ரெண்டாவது யாரோடது?"

அவன் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தான். அவளுக்குப் பச்சை மைதானமும் பந்தை உதைத்த காலும் ஞாபகம் வந்தன.

"மத்தியான சாப்பாட்டு நேரத்துல ஃபுட்பால் ஆடுவார்" என்றான். "கண்ட்ரோலர் ஒண்ணு சேத்துக் கொடுன்னார். நான்தான் சேத்துக் கொடுத்தேன். மூணாம் நம்பரை."

"திங்கக்கிழமை உனக்குத் தெரியுமா?"

"நீ கத்தினதுமே தெரிஞ்சுபோச்சு. அவர் லேப்டாப் அவர் ரூம்ல திறந்து கிடந்தது, சுவருக்கு அந்தப் பக்கம்தானே. ஓடிப்போய் மூடிட்டு வந்தேன். உடனே நம்ம கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சு. உனக்காகத்தான்க்கா ஓடினேன்."

"ஓடின. மூடின. வந்து உக்காந்த." ஒவ்வொரு சொல்லாக எண்ணினாள். "அப்பறம்?"

"அவர் சொன்னார், இது வெளிய தெரிஞ்சா முதல்ல உன் வேலைதான் போகும்னு. சேத்தது நீதானேன்னார்."

"அவருக்கும் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எங்கிட்ட அவங்கம்மா கதையைச் சொன்னாரா?"

மேலக்காவுக்கு இப்போது மேனேஜர்மேல்கூட அவ்வளவு கோபமில்லை. அந்த ஆள் அந்நியன், அவனுக்கு இவள் ஒரு பணி எண். தம்பியோ அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, அவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி நடப்பதைப் பார்த்திருக்கிறான். உன் கையில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை. அதற்கு எவ்வளவு மூச்சு செலவாகியிருக்கும்? அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கையில் கண்ட்ரோலர் இருந்தது.

அதைப் பார்த்தாள். விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப இதை அசைச்சா அங்க என்ன ஆகும்?"

"அவர் அந்த கேம் ஆப்பை மூடவே மாட்டார். அது பின்னால ஓடிட்டு இருந்தா குச்சிதான் மவுஸ். அம்பு நகரும்." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. "அக்கா, வேண்டாம்!"

அவள் அதற்குள் நடைக்கு வந்துவிட்டாள்.

*

கண்ணாடிக்கு அப்பால் நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். தலைமாட்டில் ஹெட் ஆபீஸ் மேடம், மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி. சுவர்த் திரையில் ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது.

"தேர்வாகாதவங்களோட பிரச்சினை என்னன்னு ஒரு உதாரணம்" என்று மேனேஜர் பொத்தானை அழுத்தினார்.

மேலக்காவின் கோடு திரை முழுக்க வந்து நின்றது. மேலே பெரிய எழுத்தில் "நடுக்கம்" என்று போட்டிருந்தது. ஏழு பேரும் அந்தக் கிறுக்கலை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

அவளைக் கேட்காமல் அவள் கையை ஊருக்குக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கட்டைவிரலைக் குச்சிமேல் வைத்தாள். ஆத்திரத்தில் இருப்பவள் குச்சியை முறித்துவிடுவாள் என்றுதான் பின்னால் நின்ற தம்பி நினைத்தான். ஆனால் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தால் வீட்டுச் சண்டையைக் கீழேயே விட்டுவிடுகிற கை அது.

திரையின் மூலையில் கிடந்த அம்பு நகர்ந்தது.

மெல்ல, ஒரே வேகத்தில் வந்தது. கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. "நடுக்கம்" என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு அடியில் போய் நின்றது. மயிரிழை அசையவில்லை. பிறகு அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடுவதுபோலக் கடைசி எழுத்து வரை நேராகப் போனது, அதே வேகத்தில் திரும்பி வந்தது, மறுபடி முதல் எழுத்தில் நின்றது.

மேனேஜர் மவுஸைத் தட்டினார். அம்பு துள்ளியது. அவர் கையை எடுத்ததும் நிதானமாகத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

"மவுஸ்ல ஏதோ கோளாறு மேடம்."

"நீங்க தொடலையே?"

"இல்ல மேடம், தொடவே இல்ல." இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"அப்ப யாரு நகத்தறது?"

மேலக்கா கண்ணாடியைத் தட்டினாள். ஏழு தலைகளும் திரும்பின. மூன்றாம் நம்பர் பொம்மையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலை இடப்பக்கம் தள்ளினாள், திரையில் அம்பு இடப்பக்கம் போனது. வலப்பக்கம் தள்ளினாள், வலப்பக்கம் போனது.

"நான்தாங்க" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "அந்தக் கை நடுங்கற உதாரணம்."

அவள் பேசினாள். அழகாகப் பேசத் தெரியாது அவளுக்கு, ஆனால் பதினான்கு வருஷம் தொண்ணூற்றிரண்டு படி உயரத்திலிருந்து கீழே கேட்கும்படி பேசிப் பழகிய குரல். கருவி தூங்கியதையும் அது முழித்தபோது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொன்னாள். "சாருக்கு மத்தியானத்துல ஃபுட்பால் ஆட, தேர்வு வைக்கற பொம்மைதான் கெடச்சுது. அவர் ஆடினாரு, பேரு என் கைக்கு. எனக்குத் திங்கக்கிழமை தெரியல. அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினாரு."

"இது அபாண்டம் மேடம்" என்றார் மேனேஜர். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு இந்தக் கண்ட்ரோலர் விஷயமே தெரியாது. டெக்னீஷியன் என்ன பண்ணினானோ. இவங்க தம்பிதான் அவன். ரெண்டு பேரும் சேந்து..."

மேடம் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். கதவருகே நின்றவனைப் பார்த்தார். "நீங்கதானா டெக்னீஷியன்? இவர் லேப்டாப்போட இதைச் சேக்கச் சொன்னது யாரு?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேலக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த கிறுக்கலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் உடனே சொல்லியிருப்பான். அதை மட்டும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தடவை கேக்கறேன்" என்றார் மேடம்.

"சார்தான் சொன்னார்" என்றான் தம்பி. "நான் சேத்தேன். திங்கக்கிழமை அக்கா மேல தப்பில்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போடாத பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

*

மறுநாள் காலை மறுதேர்வு. வேறு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் விடுப்பாம், விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறதாம், யார்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வந்தவர் முதலாம் நம்பர் பொம்மையை நீட்டினார். மேலக்கா மூன்றாம் நம்பரைக் கேட்டு வாங்கினாள். காலையிலேயே அதன் முதுகில் இருந்த ஊசித் துளையில் கம்பியை விட்டு, அதன் பழைய ஞாபகம் அத்தனையையும் தம்பி அழித்து வைத்திருந்தான்.

பெட்டியைத் தூக்கினாள். நிறுத்தினாள். பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நிமிஷம் விளக்கு அணைந்தது. புதியவர் பதறி எழுந்தார். அவள் அசையவில்லை. லாரி வந்தது, எடுத்தாள், பட்டனை அழுத்தினாள். கிரேன் முழித்துக்கொண்டது. பெட்டி லாரியில் போய் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கோட்டை அச்செடுத்துக் கொடுத்தார்கள். முனையிலிருந்து முனை வரை நேராக இருந்தது. "முதல் நாற்காலி உங்களுக்குத்தாம்மா" என்றார் புதியவர்.

வெளியே நடையில் தம்பி காத்திருந்தான். அவனுக்கு வேலை போகவில்லை, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ராத்திரி தூங்காத கண்கள். அக்காவின் கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் சொல்லிட்டேன்ல அக்கா, எல்லார் முன்னாலயும். இன்னும் என்ன கோபம்?" என்று அவள் தோளில் கைபோட்டான். சின்ன வயதிலிருந்து எந்தத் தப்பைச் செய்தாலும் அப்படித்தான் கைபோடுவான். அவளும் இதுவரை சிரித்துவிடுவாள்.

"மூணாவது தடவை கேட்டப்பறம் சொன்ன" என்றாள். "அந்தம்மா கேட்டதுக்குச் சொன்ன. நான் டம்ளரைத் தூக்கிட்டு நடந்தப்ப எங்கிட்ட நீ சொல்லல."

"அக்கா..."

"கையை எடு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கையை எடுத்தான். மேலக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புது அறையின் கதவைத் திறந்து உள்ளே போனாள்.